டர்பனில் பெர்ரிப் பருவம்: குழந்தைகளுக்கு எதை, எப்போது, எப்படிக் கொடுப்பது

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலை மாறுதலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் குடும்பங்களுக்குப் பழக்கடையில் வரும் முதல் தடுமாற்றம் பெர்ரிப் பழங்கள்தான். வாழைப்பழம், கொய்யா, பப்பாளி எல்லாம் இங்கேயும் உண்டு. அவற்றைக் குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால்தான் கண்ணில் படும் ஸ்ட்ராபெர்ரி, இங்கே ஆவணி மாதத்தில் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கூடவே கேள்விகளும் வந்துவிடுகின்றன. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முழுதாகக் கொடுக்கலாமா? வெறும் தண்ணீரில் கழுவினால் போதுமா? பக்கத்து வீட்டு வேலியில் சிவப்பாகத் தொங்குகிறதே, அது என்ன?

என் கட்சி இதுதான்: பருவத்தில், அக்கம்பக்கத்தில் விளைவதை, கொஞ்சமாக வாங்கி, வாங்கிய ஓரிரு நாளில் கொடுத்து முடித்துவிடுங்கள். இறக்குமதியான ராஸ்பெர்ரியை ஜூன் மாதத்தில் தங்க விலைக்கு வாங்கி, குழந்தை துப்பிவிட்டது என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. வைட்டமின் சி என்று பார்த்தால் நம் பெருநெல்லிக்காய் முன்னால் இந்தப் பழங்கள் எதுவும் நிற்காது. ஆனால் நெல்லிக்காயைக் கடித்த குழந்தை முகத்தைச் சுளிக்கும். ஸ்ட்ராபெர்ரியைக் கடித்த குழந்தை இன்னொன்று கேட்கும். அந்த ஒரு காரணமே போதும்.

நாட்காட்டியைத் திருப்பிப் பிடியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் பருவங்கள் நமக்குத் தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம், டிசம்பரில் கோடை. பெர்ரிப் பழங்களின் நல்ல காலம் குளிரின் கடைசியில் தொடங்கிக் கோடையின் நடுப்பகுதி வரை ஓடுகிறது.

ஸ்ட்ராபெர்ரிதான் முதலில் வரும். டர்பனுக்கு மேற்கே உயரமான மிட்லேண்ட்ஸ் பகுதியிலும், ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள பண்ணைகளிலும் குளிர்காலத்தின் பிற்பாதியிலேயே பழுக்கத் தொடங்கிவிடுகிறது. மேற்குக் கேப் மாகாணத்தில் குளிர்காலம்தான் மழைக்காலம். ஆகவே ஸ்டெல்லன்போஷ் பக்கத்துத் தோட்டங்களில் வசந்தத்தில்தான் அறுவடை சூடு பிடித்து, கிறிஸ்துமஸையும் தாண்டிப் போகும். ப்ளூபெர்ரி வடக்கே லிம்போபோவில் முந்தியும் மேற்குக் கேப்பில் பிந்தியும் வருவதால், செப்டம்பர் தொடங்கி ஜனவரி வரை ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து கடைக்கு வந்துகொண்டே இருக்கும். விளைவதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறது. மிச்சம் குவியும் வாரங்களில் விலை சட்டென்று இறங்கும். அப்போது வாங்குங்கள். ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் கோடைக்காரர்கள். எப்போதும் விலை அதிகம், எப்போதும் ஆயுள் குறைவு.

மல்பெரி, அதாவது நம் முசுக்கட்டைப் பழம், செப்டம்பரிலும் அக்டோபரிலும் பழுக்கும். கடையில் தேடாதீர்கள், பறித்த சில மணி நேரத்தில் குழைந்துவிடும் பழத்தை எந்தக் கடைக்காரரும் அடுக்க மாட்டார். பழைய வீட்டுத் தோட்டங்களில்தான் அது கிடைக்கும். டர்பன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் புரட்டாசி முழுவதும் மரக்கறிதான். அந்த மாதமும் மல்பெரி மாதமும் ஸ்ட்ராபெர்ரியின் உச்சமும் இங்கே ஒன்றாக வந்து விழுகின்றன. விரத வீட்டில் பள்ளிவிட்டுப் பசியோடு வரும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

செர்ரியைப் பலரும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஃபிக்ஸ்பர்க் ஊரிலிருந்து நவம்பர் வாக்கில் வரும். அருமையான பழம்தான், ஆனால் உள்ளே கொட்டை இருக்கிறது. சிறு குழந்தைக்குக் கொட்டையை எடுத்துவிட்டு, வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

இங்கே பெர்ரிப் பழங்கள் கையளவு பிளாஸ்டிக் பெட்டிகளில் வருகின்றன. ஊர்க்காரர்கள் பன்னெட் என்பார்கள். மேல் வரிசையைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியில் ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு மெல்லிய தாள் போட்டிருப்பார்கள். அது வெள்ளையாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பாக ஊறிப்போயிருந்தால் உள்ளே இரண்டு மூன்று பழமாவது நசுங்கிவிட்டது என்று பொருள்; ஒன்று நசுங்கினால் அடுத்த நாள் அதன் அண்டை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பூஞ்சை.

ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு இனிக்காது. மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கும் வித்தை இதனிடம் செல்லாது. காம்பையொட்டி வெள்ளையாக இருந்தால் அந்த வெள்ளை அப்படியேதான் இருக்கும். காம்பிலை பச்சையாக நிமிர்ந்து நிற்க வேண்டும். பெட்டியை மூக்கருகே கொண்டுபோனால் மணம் வர வேண்டும். மணமில்லாத ஸ்ட்ராபெர்ரிக்குச் சுவையும் இருக்காது. பெரிய பழத்தைவிடச் சிறிய பழமே பெரும்பாலும் இனிக்கிறது என்பது என் அனுபவம்.

ப்ளூபெர்ரி மேல் வெண்மையாக ஒரு பூச்சு படிந்திருக்கும். மருந்து அடித்திருக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். அது பழத்துக்கு இயற்கையிலேயே உள்ள மெழுகு. அது கலையாமல் இருந்தால் பழம் புதியது. பெட்டியை மெல்ல அசைத்தால் பழங்கள் தனித்தனியாக உருள வேண்டும்.

கேப் கூஸ்பெரி என்று காகிதக் கூட்டுக்குள் பொன்னிறப் பழம் ஒன்று விற்பார்கள். பார்த்த உடனே ஊர் நினைவு வரும். வயல் வரப்பில் பறித்து நெற்றியில் சொடக்குப் போட்டு உடைப்போமே, அந்தச் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய உறவு இது. கூடு உலர்ந்து வைக்கோல் நிறத்திலும் பழம் நல்ல மஞ்சளாகவும் இருந்தால் வாங்கலாம். பச்சையாக இருக்கும் பழத்தில் நச்சு உண்டு. குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

சூப்பர் மார்க்கெட்டை மட்டும் நம்ப வேண்டாம். சாட்ஸ்வர்த்தில் வெள்ளி, சனிக்கிழமைகளில் கூடும் பங்களாதேஷ் மார்க்கெட், நகருக்குள் வார்விக் சந்திப்பில் 1934 முதல் நடக்கும் அதிகாலைச் சந்தை, இரண்டையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகிற இடத்தில் பருவத்து ஸ்ட்ராபெர்ரியும் கண்ணில் படும். வெயில் ஏறிய பிறகு சாலையோரத்தில் திறந்து வைத்து விற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டர்பன் புழுக்கத்தில் பெர்ரி நண்பகலைத் தாண்டாது.

வீட்டில்: கழுவுவது கடைசி வேலை

வாங்கி வந்ததும் கழுவி ஃப்ரிட்ஜில் வைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். கீரைக்குச் சரி, இதற்குச் சரியில்லை. ஈரம் பட்ட பெர்ரி ஒரே இரவில் பூசணம் பிடிக்கும். நசுங்கியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அகலமான டப்பாவில் சமையலறைத் தாள் விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி, கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ராஸ்பெர்ரியை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி இரண்டு மூன்று நாள் தாங்கும். ப்ளூபெர்ரி ஒரு வாரம் வரை பொறுமையாக இருக்கும். மின்வெட்டு நீளும் நாட்களில் இந்தக் கணக்கில் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கப்போகும் நேரத்தில் முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள், பிறகு பழத்தை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஸ்ட்ராபெர்ரியின் காம்பைக் கழுவிய பின்புதான் கிள்ள வேண்டும். முன்பே கிள்ளினால் அந்தக் குழி வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். மரத்திலிருந்து பறித்த மல்பெரியைச் சிறிது நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் ஒளிந்திருக்கும் சிறு பூச்சிகள் மிதந்து வரும். சோப்பு வேண்டவே வேண்டாம். டர்பன் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. குழாய் நின்று லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நாட்களில் மட்டும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கழுவுங்கள்.

வயதுக்கு ஏற்ற வெட்டு

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். பெர்ரிப் பழங்களால் சிறு குழந்தைகளுக்கு வரும் பெரிய ஆபத்து மூச்சுக்குழாய் அடைப்பு. உருண்டையாக, வழவழப்பாக, தொண்டை அளவில் இருக்கும் எதுவும் ஆபத்துதான்.

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு, நன்றாகக் கனிந்த ஸ்ட்ராபெர்ரியை முள்கரண்டியால் மசித்துக் கொடுக்கலாம். ப்ளூபெர்ரியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தட்டையாக நசுக்குங்கள்; தோல் வெடித்துச் சதை வெளியே வர வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இனிப்புக்காகத் தேன் சேர்க்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பாட்டி நாக்கில் தடவினார், நாங்கள் நன்றாகத்தானே வளர்ந்தோம் என்ற வாதத்தை இந்த இடத்தில் ஏற்காதீர்கள்.

ஒரு வயதிலிருந்து நான்கைந்து வயது வரை ஸ்ட்ராபெர்ரியை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ப்ளூபெர்ரியைப் பாதியாக வெட்டுங்கள் அல்லது நசுக்குங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகத்தான் மிஞ்சும், அதுவும் அடைக்கும். கேப் கூஸ்பெரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது திராட்சையைப் போலவே உருண்டையாகவும் வழுக்கலாகவும் இருக்கும், ஆகவே அதற்கும் அதே வெட்டு. ராஸ்பெர்ரியும் மல்பெரியும் மென்மையானவை. இரண்டாகக் கிள்ளினால் போதும்.

உட்கார்ந்து சாப்பிடுவது அடுத்த விதி. என்2 நெடுஞ்சாலையில் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் காரில், பின் இருக்கையில் இருக்கும் குழந்தைக்குப் பழப்பெட்டியைத் திறந்து கொடுக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நேரம் போய்விடும். அழட்டும், வீடு வந்து சேர்ந்த பிறகு சாப்பிடட்டும்.

புதிய பழத்தை முதல் முறை கொடுக்கும்போது ஒரு வகை மட்டும், கொஞ்சமாக, பகல் வேளையில் கொடுங்கள். ஸ்ட்ராபெர்ரி பட்ட இடத்தில், வாயைச் சுற்றி மட்டும் லேசாகச் சிவப்பது புளிப்பினால் இருக்கலாம், கழுவினால் அடங்கிவிடும். உதடு வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பது, அடுத்தடுத்து வாந்தி, மூச்சில் இரைப்பு ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு ஆம்புலன்ஸ் எண் 10177, கைபேசியிலிருந்து 112. மறுநாள் காலையில் மலம் கருநீலமாகப் போனால் மட்டும் பதற வேண்டாம், முந்தின மாலை சாப்பிட்ட ப்ளூபெர்ரி அது.

வேலியோரப் பழங்கள்

கடைப் பழத்தில் ஏமாந்தால் நஷ்டம் பணத்தோடு போகும். வேலிப் பழத்தில் அப்படியில்லை. டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் கடற்கரையோரம் தெருவுக்குத் தெரு ஏதாவது சிவப்பாகவோ மஞ்சளாகவோ காய்த்துத் தொங்குகிறது, அதில் பாதி நம் ஊர்ச் செடிகளைப் போலவே தோற்றம் காட்டுகிறது. அந்தத் தோற்றம்தான் சிக்கல்.

அமத்துங்குலுவில் தொடங்குவோம். இது இந்தக் கடற்கரையின் மண்ணின் செடி, நம் களாக்காயின் நேரடி உறவு. தடித்த பளபளப்பான இலை, மல்லிகை மணம் வீசும் நட்சத்திர வெள்ளைப் பூ, சிறு பிளம் அளவில் சிவந்த பழம். திருடர் வராமலிருக்க வீட்டு வேலியாக நடுவார்கள், காரணம் அதன் முள். ஒவ்வொரு முள்ளும் நுனியில் இரண்டாகக் கவை பிரியும். பழத்தைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், உதட்டில் பிசுபிசுக்கும். முழுக்கச் சிவந்து மெத்தென்று ஆன பழமானால் அந்தப் பால் கெடுதல் செய்யாது. விதையை நீக்கிவிட்டுச் சதையைக் கொடுக்கலாம். புளிப்பும் இனிப்புமாக, வைட்டமின் சி நிறைந்த பழம். காயும் இலையும் தண்டும் நஞ்சு.

பால் வடியும் செடி என்றாலே எச்சரிக்கையாக இருக்க நம் வீடுகளில் பழக்குவார்கள். சரியான பழக்கம், அரளியும் இதே குடும்பம்தான். அமத்துங்குலு ஒரு விதிவிலக்கு. அந்த விதிவிலக்கை நம்பி மற்றதில் கை வைப்பவர்களுக்காகவே இங்கே இன்னொரு புதர் இருக்கிறது. அக்கோக்காந்தெரா என்ற அந்தப் புதருக்கும் இதே போன்ற தடித்த இலை, மணக்கும் பூ, சிவந்து கறுக்கும் பழம். முற்காலத்தில் அம்பு முனையில் தடவிய விஷம் அதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. அதற்கு முள் கிடையாது. எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஆயா ஒருவர், பழம் பறிக்க ஓடிவரும் பிள்ளைகளை வேலியருகே நிறுத்தி ஒரே பாடம்தான் நடத்துவார்: "முதலில் முள்ளைக் காட்டு, கண்ணு. பிறகு பழத்தைக் காட்டு." முள்ளில் கவையைத் தொட்டுக் காட்டாத பிள்ளைக்குப் பழம் கிடையாது.

அடுத்தது சிரிங்கா மரம். தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். வேம்பின் உறவு, இலையும் பூவும் வேம்பை நினைவூட்டும், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் மஞ்சள் காய்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். வேப்பம்பழத்தைச் சப்பி வளர்ந்த தாத்தா, பேரனுக்கும் ஒன்றை எடுத்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு. கூடாது. சிரிங்காக் காய் நஞ்சு. உண்ணிச்செடியும் இங்கே காடாக மண்டிக் கிடக்கிறது. ஊரில் அதன் கறுத்த பழத்தைத் தின்றவர்கள் நம்மில் நிறைய உண்டு. பச்சைக் காயில் நஞ்சு, ஒரே கொத்தில் பச்சையும் கறுப்பும் கலந்தே இருக்கும், மூன்று வயதுக் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. விட்டுவிடுங்கள். மணத்தக்காளி இனத்துச் செடி ஒன்றும் தோட்டத்தில் தானாக முளைக்கும். ஜூலு மக்கள் அதை உம்சோபோ என்கிறார்கள். நன்றாகப் பழுத்த கறுப்புப் பழத்தில் ஜாம் செய்வது இந்நாட்டு வழக்கம். பச்சைக் காயை வற்றல் போடத் தெரிந்த கை நம்முடையது என்பதற்காகக் குழந்தை பச்சையாகத் தின்ன விடக் கூடாது.

நம்பிக் கொடுக்கத்தக்க மரம் உம்டோனி. நாவலின் ஆப்பிரிக்கத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரத்திலும் சதுப்பிலும் வளரும், கோடையில் ஊதாநிறச் சிறு பழம் தரும். தெற்குக் கடற்கரையில் ஸ்காட்பர்க்கைச் சேர்ந்த நகராட்சிக்கே அந்த மரத்தின் பெயர்தான். நம் நாவல் மரமும் இந்தக் கரையோரம் பரவி நிற்கிறது. ஆனால் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், ஆகவே புதிதாக நடும் ஆசை வேண்டாம்.

பிள்ளைக்குக் கற்றுத் தர வேண்டியது ஒரே விதி: பெரியவர் பார்த்துப் பெயர் சொல்லாத பழம் வாய்க்குப் போகக் கூடாது. தெரியாத பழத்தைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். மிச்சப் பழத்தையும் ஓர் இலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு விஷ முறிவு ஆலோசனை எண் 0861 555 777-ஐ அழையுங்கள். குழந்தை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஆலோசனைக்குக் காத்திராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போது, எதோடு, எவ்வளவு

அளவுக்குத் தராசு தேவையில்லை. குழந்தையின் சொந்தக் கையில் ஒரு பிடி. 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் ஏறத்தாழ 59 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 25 மில்லிகிராம். அதாவது நடுத்தரப் பழம் நான்கு போதும். முழுப் பெட்டியையும் தின்றால் சத்து நான்கு மடங்கு ஆகிவிடாது, வயிற்றுப்போக்குதான் ஆகும். மலச்சிக்கல் உள்ள குழந்தைக்கு ராஸ்பெர்ரி நல்லது. 100 கிராமில் 6.5 கிராம் நார்ச்சத்து.

மரக்கறி மட்டுமே சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு சூட்சுமம். பருப்பிலும் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே போனால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஸ்ட்ராபெர்ரியைத் தனியாக மாலையில் கொடுப்பதைவிடப் பருப்புச் சாதம் முடிந்த கையோடு கொடுப்பது கெட்டிக்காரத்தனம். கேழ்வரகு கிடைக்காவிட்டால் மபெலே என்று விற்கும் சோள மாவு எல்லாக் கடையிலும் உண்டு. கூழ் காய்ச்சி, ஆறியதும், மசித்த மல்பெரியைக் கலந்தால் ஊதாக் கூழ் ஆகிவிடும். கூழ் என்றால் ஓடும் பிள்ளைகூட அந்த நிறத்துக்காக உட்காரும்.

தயிர் வாங்கும்போது பழச்சுவை சேர்த்த கோப்பைகளைத் தொடாதீர்கள், சர்க்கரை அதிகம். அதற்குப் பதிலாக இந்நாட்டு அமாசி வாங்குங்கள். நம் வீட்டுத் தயிருக்கு வெகு நெருக்கம், புளிப்பு கொஞ்சம் தூக்கல். வெட்டிய ஸ்ட்ராபெர்ரியை அமாசியில் போட்டுக் கால் மணி நேரம் வைத்தால் சாறு இறங்கித் தானே இனிக்கும். சர்க்கரை தேவைப்படாது.

டர்பன் கடற்கரையில் அன்னாசித் துண்டில் மசாலா தூவி விற்பதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஸ்ட்ராபெர்ரிக்கும் மிளகாய்த்தூளும் உப்பும் கேட்பார்கள். பள்ளி செல்லும் வயதானால் ஒரு சிட்டிகை கொடுங்கள். புளிப்புப் பழம் தின்னவைக்க இதைவிடச் சுலபமான வழி தெரியவில்லை. கைக்குழந்தைக்கு உப்பும் காரமும் வேண்டாம். வடிகட்டிய சாற்றையும் நான் ஆதரிப்பதில்லை. நார் வடிகட்டியில் நின்றுவிடும், சர்க்கரைத் தண்ணீர் கோப்பைக்குப் போகும்.

பள்ளி டப்பாவுக்கு ப்ளூபெர்ரிதான் தோழன். எவர்சில்வர் டப்பாவில் அடியில் தாள் விரித்து, கழுவித் துடைத்து உலர்த்திய பழத்தைப் போடுங்கள். சோற்று டப்பாவோடு சேர்க்காமல் தனி டப்பா. ஸ்ட்ராபெர்ரியை வெட்டாமல் முழுதாக வையுங்கள், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பிப்ரவரி வெயிலில் இவை எதையும் அனுப்பாதீர்கள், முதல் இடைவேளைக்குள் கூழாகிவிடும்.

தொடமாட்டேன் என்கிற பிள்ளைக்கு

கெஞ்சவும் வேண்டாம், "இதைத் தின்றால் சாக்லேட்" என்று பேரம் பேசவும் வேண்டாம். பழகிய உணவின் ஓரத்தில் ஒரே ஒரு பழத்தை வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். துப்பினால் சரி. மறுவாரம் மறுபடி ஒன்று. பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் சில குழந்தைகள் வாயில் வைக்கும்.

இதற்கு இந்நாட்டிலேயே ஒரு குறுக்கு வழி உண்டு. வசந்தம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் செருப்புப் பெட்டியில் பட்டுப்புழு வளர்ப்பார்கள். மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே மல்பெரி இலை. உங்கள் பிள்ளையும் ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்து நிற்கும், தயாராக இருங்கள். புழுவுக்குத் தினமும் புது இலை வேண்டும். இலைக்காக மரம் உள்ள வீட்டைத் தேட வேண்டும். கதவைத் தட்டி, "ஆண்ட்டி, கொஞ்சம் இலை பறித்துக்கொள்ளலாமா" என்று கேட்கப் பழகிய பிள்ளை, இலையோடு பழத்தையும் பறிக்கும், சொல்லாமலே தின்னும். கறுத்த பழம் லேசாகத் தொட்டவுடன் கையில் விழ வேண்டும். இழுத்தால்தான் வருமென்றால் நாளைக்கு வரலாம்.

மரத்தடிக்குப் போகுமுன் வெள்ளைப் பள்ளிச்சட்டையை மாற்றிவிடுங்கள். கறை பட்டுவிட்டால், பழுக்காத சிவப்பு மல்பெரியை நசுக்கி அதன்மேல் தேய்ப்பது பழைய கைவைத்தியம். எலுமிச்சைச் சாறும் உதவும். காய்வதற்குள் செய்தால்தான் பலன்.

மிஞ்சியதும் உறைந்ததும்

மலிவான வாரத்தில் கூடுதலாக வாங்கினால், கழுவி, துடைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, கெட்டியானதும் பையில் போட்டுக் கட்டுங்கள். கடையில் உறைந்தே விற்கும் பெர்ரிப் பையைக் குழந்தைக்கு அப்படியே கொடுக்காமல் ஒரு கொதி விடுங்கள். ஐரோப்பாவிலும், 2015இல் ஆஸ்திரேலியாவிலும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உறைந்த பெர்ரி வழியாகப் பரவியிருக்கிறது. உறைநிலை அந்தக் கிருமியைக் கொல்லாது, கொதி கொல்லும். கொதித்ததைக் கூழிலோ தோசை மேலோ ஊற்றிக் கொடுக்கலாம்.

தொட்டியில் வளர்க்க

பால்கனி இருந்தால் ஸ்ட்ராபெர்ரி நாற்றை இலையுதிர்காலத்தில், மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் நடுங்கள். அகலத் தொட்டி, தண்ணீர் தேங்காத மண், காலை வெயில் போதும். காய் மண்ணைத் தொடாமல் அடியில் வைக்கோல் பரப்புங்கள். ப்ளூபெர்ரிக்கு அமில மண் வேண்டும், முதல் ஆண்டில் அதில் இறங்க வேண்டாம். மல்பெரி நடுவதாக இருந்தால் நாற்றுப் பண்ணையில் கறுப்பு வகையைக் கேளுங்கள். வெள்ளை மல்பெரியும் ஆக்கிரமிப்புப் பட்டியலில் இருக்கிறது. டர்பனில் வலை கட்டாமல் எதுவும் மிஞ்சாது. பறவைகள் பாதியைத் தின்னும், மீதிக்கு வெர்வெட் குரங்குகள் குடும்பத்தோடு வரும். அவை கடித்துவிட்டுப் போன பழத்தை, கடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் குப்பையில் போடுங்கள்.